நாற்காலி கடை டூ சிறைச்சாலை: நியூயார்க்கை ஆட்டிப்படைத்த 'பாஸ்' ட்வீட் சிக்கியது எப்படி?

மேயரும் இல்லை, ஆளுநரும் இல்லை. ஆனா நியூயார்க் நகரமே அவர் கையில்! யார் இந்த வில்லியம் ட்வீட்?

யார் இவர்?

1823-ல் நியூயார்க்கில் பிறந்தவர். அப்பா நாற்காலி செய்யும் தொழிலாளி. தன்னார்வ தீயணைப்புக் குழுவின் தலைவராகி ஏரியாவில் பேர் வாங்கினார். அந்தச் செல்வாக்கே 1851-ல் அவரை நகர கவுன்சிலராக்கியது. அடுத்து அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர், பிறகு மாகாண செனட்டர். ஜனநாயகக் கட்சியின் உள்ளூர் அமைப்பான 'டமானி ஹால்' 1860-களில் அவர் வசமானது.

பலம் எங்கிருந்து வந்தது?

அயர்லாந்தில் இருந்து வந்த ஏழைகளுக்கு வேலை, குளிர்காலத்தில் நிலக்கரி, குடியுரிமை என எல்லாம் செய்து கொடுத்தார். பதிலுக்கு அவங்க கொடுத்தது ஓட்டு. அரசு கண்டுகொள்ளாத மக்களை ட்வீட் கவனித்துக்கொண்டார் என்பதும் உண்மைதான்.

கொள்ளை நடந்தது எப்படி?

ஃபார்முலா சிம்பிள். ஒப்பந்ததாரர் பல மடங்கு பில் போடுவார், நகரம் பணம் கொடுக்கும், பெரும்பகுதி ட்வீட் கும்பலுக்குத் திரும்பி வரும். உச்சகட்டம், மாவட்ட நீதிமன்றக் கட்டடம். பூச்சு வேலை செய்தவருக்கு 2 நாள் வேலைக்கு 1,33,187 டாலர்! மரவேலையே அதிகம் இல்லாத கட்டடத்தில் தச்சருக்கு ஒரு மாதத்துக்கு 3,60,751 டாலர்! மொத்தத்தில் சுருட்டிய தொகை 3 கோடி டாலரில் இருந்து 20 கோடி டாலர் வரை இருக்கும் என பலவிதமாகக் கணக்கிடப்படுகிறது.

சிக்கியது எப்படி?

1871 ஜனவரியில் கணக்குகளைக் கவனித்து வந்த தணிக்கையாளர் பனிச்சறுக்கு வண்டி விபத்தில் இறந்தார். அதன்பின் கணக்குப் புத்தக நகல்கள் வெளியே கசிந்தன. ஜூலையில் 'நியூயார்க் டைம்ஸ்' அதை அப்படியே அச்சிட்டது. இன்னொரு பக்கம், கார்ட்டூனிஸ்ட் தாமஸ் நாஸ்ட் வாராவாரம் ட்வீட்டைக் கிழித்துத் தொங்கவிட்டார். படிக்கத் தெரியாதவங்களுக்கும் படம் புரிஞ்சது.

தப்பியும் பயனில்லை

1873-ல், தான் கொள்ளையடித்த அதே நீதிமன்றக் கட்டடத்தில் குற்றவாளி எனத் தீர்ப்பு. 1875-ல் விடுதலையான உடனே, பணத்தை மீட்கும் வழக்கில் மீண்டும் சிறை. அந்த டிசம்பரில் காவலர்களுடன் வீட்டுக்குப் போன இடத்தில் எஸ்கேப்! கியூபா வழியாக ஸ்பெயின் போனவரை, நாஸ்டின் கார்ட்டூனை வைத்தே அடையாளம் கண்டார்கள் என்று சொல்லப்படுகிறது.

விடுதலை கிடைக்கும் என நம்பி 1877-ல் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். கிடைக்கவில்லை. 1878 ஏப்ரல் 12-ல் சிறையிலேயே நிமோனியாவால் இறந்தார். வயது 55.

அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. பெயர்? 'ட்வீட் நீதிமன்றம்'!