ஊரார் தள்ளிவைத்த நீதிபதி

கரிகாற் சோழன் நரைமுடி தரித்து முதியோன் வேடத்திலே வழக்குத் தீர்த்த கதையை வகுப்பிலே சொல்லும்போதெல்லாம், நரை வந்தால் நடுவுநிலைமையும் உடன் வந்துவிடுமோ என்று மாணாக்கருள் ஒருவராவது வினவுவது வழக்கம். வாராது என்பதற்கு உலகிலே சான்றுகள் மலிந்து கிடக்கின்றன. வந்தது என்பதற்கு நான் அறிந்த நல்ல சான்று ஒருவர் உளர். அவர் ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியிலே, தென் கரோலைனா மாநிலத்துச் சார்ள்ஸ்ரன் நகரிலே சமஷ்டி நீதிபதியாய் விளங்கிய ஜூலியஸ் வேற்றீஸ் வேறிங் என்பார்.

அவர் 1880ஆம் ஆண்டு யூலை மாதம் 27ஆந் திகதி அந்நகரிலே பிறந்தார். எட்டுத் தலைமுறையாக அங்கே வேரூன்றிய குடி அவருடையது; முன்னோர் அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தவர்கள். தந்தையார் உள்நாட்டுப் போரிலே தென்னாட்டுப் படையின் பக்கம் நின்று பொருதவர். மகனார் சார்ள்ஸ்ரன் கல்லூரியிலே 1900இற் பட்டம் பெற்று, சட்டத்தரணியாகி, நகரசபையின் சட்ட ஆலோசகராயும் அமர்ந்தார். கறுப்பின மக்களை இழித்துப் பேசியே வாக்குச் சேர்த்த செனற்றர் எல்லிசன் ஸ்மித்துக்காக 1938ஆம் ஆண்டுத் தேர்தலிலே பாடுபட்டவர்களுள் இவரும் ஒருவர். ஜனாதிபதி ரூஸ்வெல்ற் 1942இலே இவரை நீதிபதியாக்கியபோது இவருக்கு வயது அறுபத்தொன்று. இவரிடமிருந்து எவரும் புதுமை எதனையும் எதிர்பார்த்திலர்.

சமஷ்டி நீதிபதி என்றமையால் ஒன்று கூறல்வேண்டும். அமெரிக்காவிலே மாநிலங்களுக்கு அவ்வவற்றின் நீதிமன்றுகள் உண்டு. அவற்றின் வேறாய் நாடு முழுமைக்கும் பொதுவான சமஷ்டி நீதிமன்றுகளும் உண்டு. பின்னையவற்றின் நீதிபதிகளை ஜனாதிபதி செனற் சபையின் சம்மதத்தோடு நியமிக்கின்றார். அவர் பதவி ஆயுட்காலப் பதவி. அவர் வேதனத்தை எவரும் குறைத்தல் இயலாது. ஊரார் ஒருங்கு திரண்டு வெறுத்தபோதும் வேறிங்கை அசைக்க முடியாதிருந்தமைக்கு இதுவே காரணம்.

ஆசிரியனாகிய என்னை முதற்கண் ஈர்த்தது 1944ஆம் ஆண்டின் வழக்கே. சார்ள்ஸ்ரன் நகரத்துக் கறுப்பின ஆசிரியர்கள், ஒத்த தகுதியும் ஒத்த வேலையும் உடையராயிருந்தும், வெள்ளை ஆசிரியரினுங் குறைந்த சம்பளமே பெற்றனர். அவர்களுக்காக வாதாடியவர், பிற்காலத்திலே உச்ச நீதிமன்றின் முதற் கறுப்பின நீதியரசராய் அமர்ந்த தேர்குட் மார்ஷல். நெடும்போர் ஒன்றை எதிர்பார்த்து வந்த அவர் வியக்கும்படி, வேறிங் சம ஊதியமே சட்டம் என்று விரைவிலே தீர்த்துவிட்டார்.

அடுத்த ஆண்டிலே அவர் முப்பதாண்டுக்கு மேல் உடன் வாழ்ந்த மனைவியை விலக்கி, எலிசபெத் என்னும் வடநாட்டுப் பெண்மணியை மணந்தார். மணவிலக்கே செல்லாத மாநிலம் அது. ஊரார் முகம் சுளித்தனர். புது மனைவியைச் சார்ள்ஸ்ரன் ஏற்காமையால் எழுந்த வன்மமே அவரைக் கறுப்பின மக்கள் பக்கம் தள்ளிற்று என்று பின்னாளிற் பலர் கூறலாயினர். இக்கூற்றை நான் ஏற்கேன். ஆசிரியர் வழக்கின் தீர்ப்பு மணவிலக்குக்கு முந்தியது.

ஆயினும், அவருள்ளத்தை அடியோடு உலுக்கியது 1946இல் வந்த வழக்கு. இரண்டாம் உலகப் போரிலே பணியாற்றிய ஐசாக் வூடாட் என்னும் கறுப்பின வீரர் பெப்ரவரி 12ஆந் திகதி படையிலிருந்து விடுவிக்கப்பெற்று, சீருடை களையாமலே பஸ்வண்டியில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். வழியிலே கழிவறை செல்ல வண்டியை நிறுத்துமாறு கேட்டார். சாரதியோடு வாய்த்தர்க்கம் மூண்டது. பேற்ஸ்பேக் என்னும் சிற்றூரிலே அவரைப் பொலிசாரிடம் ஒப்படைத்தனர். அவ்வூர்ப் பொலிஸ் தலைவன் தடியால் அடித்த அடியிலே அவர் இரு கண்களும் குருடாயின. வழக்கு நவம்பரிலே வேறிங் முன் வந்தது. அரசாங்கச் சட்டத்தரணி மனமின்றி வழக்கை நடாத்தினார். ஜூரிமார் அனைவரும் வெள்ளையர். அவர்கள் ஒரு கணத்திலே முடிவுகூறி நீதியை நகைப்புக்கிடமாக்குவார்களே என்று அஞ்சிய நீதிபதி, வேண்டுமென்றே எழுந்து வெளியே உலாவச் சென்றார். அவர் திரும்பியதும், அரைமணி நேரம் நிறையுமுன்னரே, குற்றவாளியல்லன் என்றனர். எலிசபெத் அம்மையார் கண்ணீரோடு மன்றை விட்டு நீங்கினார்.

அதன்பின் கணவனும் மனைவியும் தென்னாட்டின் நிலைமை பற்றிய நூல்களைத் தேடி ஒருங்கிருந்து வாசித்தனர். சுவீடன் நாட்டறிஞர் குன்னார் மிர்டால் அமெரிக்க இனச்சிக்கல் பற்றி எழுதிய பெருநூல் அவற்றுள் ஒன்று. அறுபத்தாறு வயதினர் ஒருவர் தாம் பிறந்த மண்ணைப் பற்றி நூல்வழி புதிதாய்க் கற்கப் புகுந்தார். தம் மன்றிலே இனவாரியாக இருக்கை பிரிக்கும் வழக்கத்தை ஒழித்தார். மன்றச் சேவகராய்க் கறுப்பினத்தார் ஒருவரை நியமித்தார். 1947 யூலையிலே, ஜோர்ஜ் எல்மோர் என்பவர் தொடுத்த வழக்கில், சனநாயகக் கட்சி தன் வேட்பாளரைத் தெரிவுசெய்யும் முதனிலைத் தேர்தலிலிருந்து கறுப்பினத்தாரை விலக்கல் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தார். அம்மாநிலத்திலே அத்தேர்தலே மெய்யான தேர்தல், பின்னது வெறுஞ்சடங்கு. அடுத்த ஆண்டு ஓகஸ்ற் மாதத்திலே 30,000இற்கு மேற்பட்ட கறுப்பின மக்கள் வாக்களித்தனர்.

பழிவாங்கலும் தொடங்கிற்று. பழைய நண்பர்கள் தெருவிலே கண்டால் விலகினர். 1950இலே வீட்டருகே சிலுவை கொளுத்தினர். பிறிதோர் இரவு சாளரத்தைக் கல்லெறிந்து உடைத்தனர். இருவரையும் மாநிலத்தை விட்டு அனுப்பப் பயணச்சீட்டு வாங்கிக் கொடுப்போம் என்று சட்டமன்றத்தாரும் தீர்மானித்தனர்.

இவற்றுக்கிடையேதான் கிளாறென்டன் மாவட்டத்து மக்கள் வந்தனர். அவர்கள் முதலிற் கேட்டது ஒரு பஸ்வண்டி மாத்திரமே. அம்மாவட்டத்திலே வெள்ளைப் பிள்ளைகளுக்கு 30 பஸ்கள் ஓடின. எண்ணிக்கையில் மிக்க கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒன்றேனும் இல்லை. ஆண்டொன்றுக்கு வெள்ளைப் பிள்ளைக்கு 179 டொலரும் கறுப்பினப் பிள்ளைக்கு 43 டொலரும் செலவிடப்பட்டன. மனுவிற் கையெழுத்திட்ட ஹரி பிறிக்ஸ் பெற்றோல் நிலையத்து வேலையை இழந்தார். அவர் மனைவியும் வேலை இழந்தார்.

மார்ஷல் சமமான பாடசாலை வேண்டும் என்றே வழக்கை அமைத்திருந்தார். வேறிங் அவரை அழைத்து, பிரித்துவைத்தலே பிழை என நேராக வழக்குத் தொடுக்குமாறு அறிவுறுத்தினார். அங்ஙனமாயின் மூன்று நீதிபதிகள் விசாரிப்பர். இருவர் எதிர்த்தாலும் மேன்முறையீடு நேரே உச்ச நீதிமன்றுக்குச் செல்லும். நடுவராயிருப்பவர் ஒரு கட்சியின் சட்டத்தரணிக்கு வழிகாட்டலாமா என்று குறைகூறுவோர் உளர். அக்குறை வெறும் பொறாமையாற் பிறந்ததன்று. நீதிமரபு அறிந்தோர் அதனை எளிதில் ஒதுக்கார். பல மைல் நடந்து பள்ளி சென்ற பிள்ளைகளை நினைக்கும்போது எனக்கோ அக்குறை சிறுத்துத் தோன்றுகின்றது.

1951 மே மாதம் 28ஆந் திகதி விசாரணை தொடங்கிற்று. கிளாறென்டன் மக்கள் விடியுமுன்னரே வந்து மன்றின் வாயிலில் வரிசையாய் நின்றனர். எதிர்பார்த்தபடியே இருவர் மறுத்தனர். வேறிங் தனித்து மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். பிள்ளைகளை இனத்தாற் பிரித்தல் தன்னளவிலேயே சமமின்மை என்பது அதன் உட்பொருள். அடுத்த ஆண்டு ஓய்வுபெற்று நியூயோர்க் நகருக்குக் குடிபெயர்ந்தார். 1954 மே மாதம் 17ஆந் திகதி, கிளாறென்டன் வழக்கையும் உள்ளடக்கிய ஐந்து வழக்குகளிலே, உச்ச நீதிமன்றின் ஒன்பது நீதியரசரும் ஒருமுகமாக அக்கருத்தையே சட்டமாக்கினர்.

அவர் 1968 ஜனவரி 11ஆந் திகதி மறைந்தார். உடலைச் சார்ள்ஸ்ரனிலே அடக்கஞ்செய்தனர். கறுப்பின மக்கள் இருநூற்றுவருக்கு மேல் வந்திருந்தனர். வெள்ளையரை விரல்விட்டு எண்ணலாம். 2015இலே அந்நகரத்துச் சமஷ்டி நீதிமன்றக் கட்டடத்துக்கு வேறிங்கின் பெயர் சூட்டப்பெற்றது. அதுவரை அக்கட்டடம் மாநிலத்து முன்னாட் செனற்றர் ஏர்னஸ்ற் ஹொலிங்ஸின் பெயரைத் தாங்கி நின்றது. அப்போது உயிரோடிருந்த ஹொலிங்ஸ் தாமே தம் பெயரை நீக்கி வேறிங்கின் பெயரை வைக்குமாறு வேண்டிக்கொண்டார்.