முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்வில் விடுதலையும் வாழ்வாதாரமும்: ஔவை இல்லத்தை முன்வைத்து

முன்னுரை

புதுக்கோட்டை மாவட்டத்தின் கடற்கரை ஊர்களுள் ஒன்று கட்டுமாவடி. இக்கடற்கரை, மன்னராட்சிக் காலப் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்கு உட்பட்டதன்று. 1974இல் புதுக்கோட்டை மாவட்டம் உருவானபோது தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்து சேர்ந்தது. பள்ளிப்படிப்பை முடித்த பெண்பிள்ளைகள் அடுத்து எத்தொழிலைக் கற்பது, எங்கு வேலை பெறுவது என்னும் வினா இவ்வூரைச் சார்ந்த ஆய்வாளர் என்ற முறையில் எமக்கு நெருக்கமானது. இதே வினாவைச் சமஸ்தானத்தின் தலைநகரில் பிறந்த ஒரு பெண் ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்டார். மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி (1886–1968) முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் என்றும் தேவதாசி முறை ஒழிப்பாளர் என்றும் போற்றப்படுகிறார். ஒழிப்புக்குப் பின் அப்பெண்கள் எவ்வாறு வாழ்வார்கள் என்பதற்கு அவர் தேடிய விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்வி: விதிவிலக்காகத் திறந்த கதவு

முத்துலட்சுமி 1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி, மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள், இசை வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். பெண்கள் பூப்பெய்தியதும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட அக்காலத்தில், வீட்டிலிருந்தே பயின்று 1902இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் வென்றார். ஆடவர் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில் அவர் இடம் வேண்டியபோது எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதனைப் பொருட்படுத்தாது அனுமதி அளித்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார். 1914இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

தந்தையின் பதவியும் மன்னரின் ஆணையும் இல்லாதிருப்பின் இக்கதவு திறந்திருக்குமா என்பது ஐயமே. தாய்வழி உறவில் பிறந்த பிற பெண்களுக்கு அத்தகைய ஆதரவு வாய்க்கவில்லை. தமக்கு விதிவிலக்காகக் கிடைத்ததைப் பிறருக்கு வழக்கமாக்கும் முயற்சியாகவே அவருடைய பிற்காலப் பணியைக் கருத இடமுண்டு.

சட்டம்: நிலமுடையோர்க்கான வழி

1926இல் சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்ட முத்துலட்சுமி, அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் முயற்சியால் 1929இல் இந்து சமய அறநிலையச் சட்டம் திருத்தப்பட்டது. அதுவரை கோயில் பணி செய்தால் மட்டுமே தேவதாசிப் பெண்கள் இனாம் நிலத்தைத் துய்க்க இயலும். திருத்தமோ பணியிலிருந்து அவர்களை விடுவித்தது. நிலத்தையும் அவர்களிடமே விட்டுவைத்தது. பணியை விட்டால் பசி என்ற அச்சமே பலரை அம்முறையில் பிணைத்திருந்தது என்பதை அவர் உணர்ந்திருந்தார் என்பது இதனால் புலனாகிறது.

எனினும் தேவதாசியர் அனைவரும் இம்முயற்சியை வரவேற்கவில்லை. பெங்களூரு நாகரத்தினம்மாள் உள்ளிட்டோர் எதிர்த்தனர். தேவதாசியர் சங்கங்கள் அரசுக்கு விண்ணப்பங்கள் அளித்தன. இசையும் நடனமும் தலைமுறைகளாகப் பயின்று பெற்ற தொழில்திறன்கள். அத்திறன்களுக்கு இருந்த மதிப்பும் வருவாயும் ஒருங்கே அழியும் என்ற அவர்களது அச்சத்தைப் பழமைப்பற்று என்று மட்டும் ஒதுக்கிவிட இயலாது. மேலும், இனாம் நிலம் இல்லாத குடும்பங்களுக்கும் அக்குடும்பங்களின் சிறுமியர்க்கும் 1929ஆம் ஆண்டுச் சட்டம் நேரடியாக எதனையும் அளிக்கவில்லை. பொட்டுக்கட்டும் வழக்கத்தை முற்றிலும் தடைசெய்யும் சட்டம் 1947இல்தான் நிறைவேறியது.

ஔவை இல்லம்: நிலமற்றோர்க்கான வழி

காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து 1930இல் முத்துலட்சுமி சட்டமன்றப் பொறுப்பைத் துறந்தார். அக்காலத்தையொட்டித் தேவதாசிக் குடும்பங்களைச் சார்ந்த சிறுமியர் சிலர் அடைக்கலம் தேடி அவரிடம் வந்தனர். அவர்களைச் சேர்த்துக்கொள்ள விடுதி மறுத்தது. பிறப்பைக் காரணம் காட்டி மறுக்கப்பட்ட அச்சிறுமியரைத் தம் வீட்டிலேயே ஏற்றார். அதிலிருந்து வளர்ந்ததே ஔவை இல்லம். பின்னர் அது அடையாற்றில் நிலைபெற்றது.

இதே 1886இல் பிறந்த சகோதரி சுப்புலட்சுமி, சென்னை ஐஸ் ஹவுஸ் விடுதியில் இளம் கைம்பெண்களை, பெரும்பாலும் பிராமணக் குடும்பத்தினரை, ஆசிரியப் பணிக்கு உருவாக்கி வந்தார். கல்வியின்வழி வேலை, வேலையின்வழி மதிப்பு என்பதே இரு முயற்சிகளுக்கும் பொதுவான நெறி. ஔவை இல்லமோ சாதி வேறுபாடின்றி ஆதரவற்ற சிறுமியர் அனைவர்க்கும் அந்நெறியை விரித்தது. உணவும் உறைவிடமும் முதல் தேவை. அவற்றோடு எழுத்தறிவும் கைத்தொழிலும் கற்பிக்கப்பட்டன. ஆசிரியர், செவிலியர் போன்ற பணிகளுக்குச் செல்லும் வழியும் அமைத்துத் தரப்பட்டது. புகலிடத்தின் பயன் அதனை விட்டு வெளியேறும் பெண் தன் வருவாயில் நிற்பதில்தான் உள்ளது என்னும் தெளிவு இவ்வமைப்பில் காணப்படுகிறது.

இல்லத்தின் பெயரும் கருதத்தக்கது. சங்க கால ஔவை, அதியமானின் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்றவர். தம் புலமையால் அவையில் நின்றவர். பிறப்பால் இகழப்பட்ட சிறுமியர்க்கு, புலமையையே உடைமையாகக் கொண்ட ஒருவரின் பெயரால் இல்லம் அமைந்தமை பொருத்தமுடையது.

முடிவுரை

முத்துலட்சுமி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954இல் செயல்படத் தொடங்கியது; 1956இல் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. 1968 ஜூலை 22 அன்று அவர் மறைந்தார்.

சட்டம் ஒரு வழக்கத்தை நிறுத்தலாம். நின்ற இடத்திலிருந்து நடப்பதற்குத் தொழிலறிவு வேண்டும் என்பது அவர் வாழ்வால் பெறப்படும் முடிபு. அதே வேளையில், இழந்த கலைத்தொழிலுக்கு ஈடாக எவை கற்பிக்கப்பட்டன, அவை போதுமானவையாக இருந்தனவா என்ற வினா ஆய்வுக்குரியதாகவே நிற்கிறது. ஔவை இல்லத்தில் பயின்று வெளியேறிய பெண்களின் வாழ்க்கை வரலாறுகளைத் தொகுப்பது இத்துறையில் அடுத்துச் செய்யத்தக்க பணி. புதியதொரு தொழிலைக் கற்பிக்கும்போது, கற்போர் ஏற்கெனவே பெற்றுள்ள திறனையும் மதிப்பிட வேண்டும். கட்டுமாவடி போன்ற ஊர்களில் இன்று இளையோர்க்குத் தொழிற்பயிற்சி வகுக்க முனைவோர் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்க படிப்பினை இதுவே.