எல்லை கடந்த மீட்புப் பணி: மிருதுளா சாராபாய்

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

உடைந்த பானையை ஒட்டவைப்பது கடினம். உடைந்த மனங்களை ஒட்டவைப்பதோ அதனினும் கடினம். ஒரு வீட்டிற்குள் நேர்ந்த தவற்றைச் சரிசெய்யவே பல நாள்கள் ஆகின்றன. பகைகொண்ட இரு நாடுகள் ஒன்றுகூடி ஒரு பெருந்தவற்றைச் சரிசெய்ய முனைந்தால், அது எத்துணை அரிய செயல்! அத்தகைய பணியில் முன்னின்று உழைத்த வீரப் பெண்மணியே மிருதுளா சாராபாய்.

இவர் 1911 ஆம் ஆண்டு மே 6 ஆம் நாள் ஆமதாபாத் நகரில், ஆலை அதிபர் அம்பாலால் சாராபாய்க்கும் சரளாதேவிக்கும் மூத்த மகளாகப் பிறந்தார். விண்வெளி அறிஞர் விக்ரம் சாராபாய் இவருடைய தம்பியாவார். செல்வம் கொழித்த அந்த இல்லத்தில் ஆசிரியர்கள் வீட்டிற்கே வந்து பாடம் கற்பித்தனர். ஆயினும் காந்தியடிகளின் எளிய வாழ்வு இளமையிலேயே இவர் உள்ளத்தைக் கவர்ந்தது. 1930 ஆம் ஆண்டு உப்புச் சத்தியாகிரகத்தில் கலந்துகொண்டு சிறை சென்றார். 1934 இல் ஜோதி சங்கம் என்னும் அமைப்பைத் தொடங்கி, பெண்கள் தொழில் கற்றுச் சொந்தக் காலில் நிற்க வழிகாட்டினார்.

1947 ஆம் ஆண்டு நாடு விடுதலை பெற்றது. ஆனால் இந்தியா, பாகிஸ்தான் எனப் பிரிந்தபோது பஞ்சாப் மாநிலத்தில் பெருங்கலவரம் மூண்டது. எல்லையின் இருபுறத்திலும் ஆயிரக்கணக்கான பெண்கள் கடத்தப்பட்டனர். இந்தியாவில் சுமார் 50,000 முஸ்லிம் பெண்களும், பாகிஸ்தானில் சுமார் 33,000 இந்து, சீக்கியப் பெண்களும் இவ்வாறு அகப்பட்டிருந்ததாக மதிப்பிடப்பட்டது.

அப்போது காஷ்மீரில் போர் நடந்துகொண்டிருந்தது. அந்நிலையிலும் 1947 டிசம்பர் 6 அன்று லாகூரில் இரு நாட்டுப் பிரதிநிதிகளும் கூடினர். கட்டாயத் திருமணங்களையும் மதமாற்றங்களையும் ஏற்பதில்லை என்றும், கடத்தப்பட்ட பெண்களைத் தேடி அவரவர் குடும்பத்திடம் சேர்ப்பது என்றும் உடன்பாடு கண்டனர். இந்தியாவின் சார்பில் அப்பணியை முன்னின்று நடத்தும் பொறுப்பு மிருதுளாவிடம் வந்தது. சமூக சேவகியர் இரு நாட்டுப் போலீசாரின் துணையுடன் ஊர் ஊராகச் சென்றனர். மீட்கப்பட்டவர்களுக்கு லாகூரிலும் ஜாலந்தரிலும் முகாம்கள் இருந்தன. லாகூர் முகாமில் கமலாபென் படேல் என்ற குஜராத்திப் பெண்மணி தங்கிப் பணியாற்றினார். மீண்டு வந்த பெண்களை வெறுக்காமல் ஏற்றுக்கொள்ளுமாறு காந்தியடிகளும் நேருவும் மக்களை வேண்டிக்கொண்டனர். 1955 வரை இந்தியாவில் சுமார் 20,000 பெண்களும் பாகிஸ்தானில் சுமார் 9,000 பெண்களும் மீட்கப்பட்டனர்.

தோழியரே, இக்கதை இத்துடன் முடிந்துவிடவில்லை. 1949 இல் இந்தியாவில் இதற்கெனச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அச்சட்டத்தில் ஆண் என்றால் 16 வயதுக்குட்பட்ட சிறுவனை மட்டுமே குறித்தனர். பெண் என்றால் எந்த வயதினளாயினும் பொருந்தும் என்றனர். போக விருப்பமா என்று அவளைக் கேட்கவேண்டிய கட்டாயம் இல்லை. சிலர் புதிய இடத்தில் குடும்பமாகி, குழந்தைகளும் பெற்றிருந்தனர். சிலர் பிறந்த வீடு ஏற்குமோ ஏற்காதோ என்று அஞ்சினர். பெற்ற குழந்தையைப் பிரிந்து சென்ற தாய்மாரும் உண்டு. அப்பெண்கள் அச்சத்தினாலேயே மறுக்கின்றனர் என்று மிருதுளா உறுதியாக நம்பினார். அதே பணியில் இருந்த ராமேஸ்வரி நேருவோ, விரும்பாதவர்களை அனுப்புவது மற்றுமொரு துன்பமாகும் என்று வாதாடிப் பொறுப்பிலிருந்து விலகினார். விருப்பமில்லாதவர்களைக் கட்டாயப்படுத்தி அனுப்பாதிருக்க வழி காணவேண்டும் என்று இரு நாடுகளும் முடிவு செய்தது 1954 இல்தான். 1957 இல் அச்சட்டம் முடிவுக்கு வந்தது.

தாம் சரியென நம்பியதற்காக எதையும் இழக்கத் துணிந்தவர் மிருதுளா. ஷேக் அப்துல்லாவுக்கு ஆதரவாகப் பேசியதால் 1958 இல் விசாரணையின்றிச் சிறை வைக்கப்பட்டார். விடுதலை பெற்ற நாட்டிலேயே சிறைவாசம்! 1974 அக்டோபர் 26 அன்று இவ்வுலக வாழ்வை நீத்தார்.

இவரைப் பற்றிப் படித்தபோது என் மனம் இரண்டாகப் பிரிந்தது. இவருடைய உழைப்பால் மகளைத் திரும்பப் பெற்ற தாயை நினைத்துக் கண் கலங்கினேன். எனக்கும் வயது பதினைந்து. நான் எங்கே வாழவேண்டும் என்பதை என்னைக் கேளாமலே இரண்டு அரசாங்கங்கள் எழுதி முடித்திருந்தால் என் நிலை என்னவாகியிருக்கும் என்றும் எண்ணினேன். அண்டை நாடுகள் கைகோத்துத் தவற்றைத் திருத்துவது உயர்ந்த செயலே. ஆனால் துன்புற்றவரின் வாய்ச்சொல்லை முதலில் கேட்டால்தான் அந்நீதி முழுமை பெறும். மிருதுளாவின் துணிவை நாம் பெறுவோம்; அவர் கேட்கத் தவறிய குரல்களையும் கேட்கப் பழகுவோம்!