அகஸ்தீனும் வாய்மையும்

அகஸ்தீன் என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது அவர் இளமையில் நெறி தவறித் திரிந்ததும், அன்னை மோனிக்கா வடித்த கண்ணீரும்தான். என் நெஞ்சைத் தொட்டதோ அவர் வாழ்க்கையின் வேறொரு பக்கம். பொய்யைத் தொழிலாகக் கொண்டிருந்த ஒருவர் பொய்க்குப் பெரும் பகைவரான வரலாறு அது.

கி.பி. 354இல் வட ஆப்பிரிக்காவில் தகாஸ்தே என்னும் ஊரில் அவர் பிறந்தார். அவ்வூர் இன்றைய அல்ஜீரியாவில் உள்ளது. அவர் கற்றது சொற்கலை. நாவன்மை உடையவர்க்கே பதவியும் புகழும் கிட்டிய காலம் அது. கார்த்தேஜிலும் உரோமையிலும் அக்கலையைக் கற்பித்தார். 384இல் பேரரசர் தங்கியிருந்த மிலான் நகரில் அரசாங்க ஆசிரியர் ஆனார்.

பேரரசரைப் புகழ்ந்து அவையில் பேசுவதும் அப்பதவியின் கடமை. அத்தகைய உரை ஒன்றை எண்ணியவாறு தெருவில் நடந்தபோது, குடித்துவிட்டுக் களித்துச் சிரிக்கும் பிச்சைக்காரன் ஒருவனைக் கண்டார். தாம் பேசப் போவதோ பெரும்பாலும் பொய். கேட்போரும் அதை அறிவர், அறிந்தே பாராட்டுவர். சில காசுகளில் அந்த ஏழை பெற்ற மகிழ்ச்சியைக்கூட இத்தனை பொய்யும் தமக்குத் தரவில்லையே என்று அவர் மனம் புழுங்கியது. பின்னாளில் தம் வரலாற்றை எழுதியபோது இதையும் அவர் மறைக்கவில்லை.

386இல் மனம் மாறிப் பதவியைத் துறந்தார். அடுத்த ஆண்டு பிஷப் அம்புரோஸிடம் ஞானஸ்நானம் பெற்றார். ஆப்பிரிக்கா திரும்பி, 391இல் ஹிப்போ நகரில் குருவானார். சில ஆண்டுகளில் அந்நகரின் பிஷப்பும் ஆனார்.

395 வாக்கில் அவர் பொய்யைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நெஞ்சில் ஒன்றும் வாயில் ஒன்றுமாக வைத்துப் பிறரை ஏமாற்ற எண்ணுவதே பொய் என்று வரையறுத்தார். பொய்களை எட்டு வகையாகப் பிரித்தார். சமயத்தைப் பரப்பச் சொல்லும் பொய்க்கும் அவர் இடம் தரவில்லை. உயிரைக் காக்கச் சொல்லும் பொய்க்கும் தரவில்லை. வகுப்புக்கு வராத நண்பனுக்காகக் குரல் கொடுக்கும் நம்மவர் நிலையை அவரிடம் கேட்கவே வேண்டாம்!

இங்கேதான் என் மனம் தடுமாறுகிறது. தீமை கலவாத நன்மை விளையுமானால் வள்ளுவர் பொய்க்கும் இடம் தருகிறார். குறளைப் படித்து வளர்ந்த எனக்கு அதுவே மனிதநேயமாகப் படுகிறது. கொலைஞன் வாயிலில் நிற்கும்போது அடைக்கலம் புகுந்தவனை எப்படிக் காப்பது?

அகஸ்தீன் இக்கேள்வியிலிருந்து நழுவவில்லை. தம் ஊரான தகாஸ்தேயில் முன்பு பிஷப்பாக இருந்த பிர்முஸ் என்பவரைச் சான்று காட்டினார். ஒருவனைப் பிர்முஸ் ஒளித்து வைத்திருந்தார். பேரரசரின் ஆட்கள் தேடி வந்தனர். தம்மால் பொய் சொல்லவும் முடியாது, அவனைக் காட்டிக் கொடுக்கவும் முடியாது என்றார் பிர்முஸ். சித்திரவதைக்கு ஆளானார், வாய் திறக்கவில்லை. இறுதியில் பேரரசரே வியந்து அந்த மனிதனை மன்னித்தார். பேரரசர் மன்னிக்காதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற ஐயம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆயினும் அந்த வாய்மைக்கு உரிய விலையைப் பிர்முஸ் தம் உடலால் கொடுத்தார்; மற்றவன் தலையில் சுமத்தவில்லை.

420 வாக்கில், பொய்யால் தம்மை மறைத்துக்கொண்ட பிரிசில்லியர் என்னும் கூட்டத்தாரைக் கண்டுபிடிக்க அவர்களுள் ஒருவராக நடிக்கலாமா என்ற கேள்வி அவரிடம் வந்தது. கூடாது என்று இன்னொரு நூல் எழுதி விடுத்தார்.

சொந்த வீட்டிலும் அவர் அப்படியே இருந்தார். அவரோடு வாழ்ந்த குருக்கள் தமக்கென எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. அவர்களுள் ஜனுவாரியுஸ் என்பவர், தம் பிள்ளைகள் இருவரையும் விலக்கிவிட்டுச் சொத்தைத் திருச்சபைக்கு எழுதிவைத்து இறந்தார். ஏழை என்று சொல்லிக்கொண்டவரிடம் சொத்து எப்படி வந்தது? அகஸ்தீன் அதைத் தொட மறுத்தார். செய்தியைக் கோயிலில் மக்கள் முன் உடைத்துச் சொன்னார். பிறகு தம் குருக்கள் ஒவ்வொருவரின் உடைமையையும் விசாரித்து, பெயர் சொல்லிச் சபைக்குக் கணக்குக் கொடுத்தார். நம் நாட்டில் எத்தனை அறநிலையங்கள் இப்படிக் கணக்குக் காட்டும்!

முதுமையில் தம் நூல்களையெல்லாம் மீண்டும் படித்து, பிழைகளைக் குறித்துத் தனிநூல் ஒன்று எழுதினார். பொய்யைப் பற்றிய முதல் நூல் தெளிவற்றது என்றும், அதை அழிக்கச் சொல்லியிருந்தும் அழிக்கப்படவில்லை என்றும் அதில் பதிந்தார். 430ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள், வண்டாலர் படை ஹிப்போவை முற்றுகையிட்டிருந்தபோது அவர் இறந்தார். அழிக்கச் சொன்ன அந்நூல் இன்றும் இருக்கிறது.