சுத்தமான அலை தேடிய போஸ்!

குட்டீஸ்... பெரம்பலூரில் இருக்கும் மாமா, அரியலூரில் இருக்கும் உங்களுடன் மொபைல் போனில் பேசுகிறார். போனிலிருந்து டவருக்கு அவர் குரலைச் சுமந்து செல்வது, கண்ணுக்குத் தெரியாத, 'மைக்ரோவேவ்' எனும் நுண்ணலை. அந்த அலை ஒரே சீராக இருக்க வேண்டும். இரைச்சல் கலந்தால் பேச்சு புரியாது. அதனால்தான், அலையை உண்டாக்கும் கருவிகளில், வேண்டாததைத் தடுக்கும் வடிகட்டிச் சுற்றுகளை வைக்கின்றனர்.

இந்த வசதிகள் எதுவும் இல்லாத காலத்திலேயே, சுத்தமான நுண்ணலைக்காகப் பாடுபட்டவர், நம் நாட்டு விஞ்ஞானி ஜெகதீஷ் சந்திரபோஸ்!

இன்று வங்கதேசத்தில் உள்ள பகுதியில், 1858, நவம்பர் 30ல் பிறந்தார் போஸ். அவர் தந்தை அரசு அதிகாரி. ஆனாலும், மகனை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பாமல், தாய்மொழிப் பள்ளியில் சேர்த்தார். மீனவர் மகனுடன் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தார் போஸ். பின், இங்கிலாந்தில் உள்ள கேம்பிரிட்ஜில் படித்துத் திரும்பினார்.

கடந்த, 1885ல், கோல்கட்டா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர் ஆனார். வெள்ளைக்காரப் பேராசிரியர்களைவிடக் குறைந்த சம்பளமே அவருக்குத் தரப்பட்டது. குடும்பத்தில் கடன் இருந்த நேரம் அது. ஆனாலும், மூன்று ஆண்டுகள் சம்பளத்தைத் தொடாமல் பாடம் நடத்தினார். கடைசியில் அரசு இறங்கி வந்தது. முழுச் சம்பளத்தை, பாக்கியோடு சேர்த்துக் கொடுத்தது.

ஆராய்ச்சிக்குக் கிடைத்ததோ மிகச் சிறிய அறை. உள்ளூர்த் தகர வேலைக்காரர் ஒருவரைப் பழக்கி, கருவிகளைச் செய்ய வைத்தார்.

உலோகக் குண்டுகளுக்கு நடுவே மின்பொறி பறந்தால், அலை பிறக்கும். ஆனால், பொறி பட்டுப்பட்டுக் குண்டுகள் சொரசொரப்பாகி விடும், அலை தடுமாறும். எனவே, எளிதில் கெடாத பிளாட்டினத்தைப் பயன்படுத்தினார் போஸ். அலை கண்டபடி கசிந்து சோதனையைக் கெடுக்காமல் இருக்க, கருவியை உலோகப் பெட்டிக்குள் அடைத்தார். ஒரு குழாய் வழியாக மட்டும் அலையை வெளியே விட்டார்.

உலோகக் குழாய்க்கு ஒரு குணம் உண்டு. அதன் அகலத்துக்கு ஏற்ற குட்டை அலைகள் மட்டுமே நுழைந்து செல்லும். நீளமான அலைகள் நின்றுவிடும். மாவு சலிக்கும் சல்லடை போலத்தான்! வேண்டியதை விட்டு, வேண்டாததை நிறுத்துவதே இன்றைய வடிகட்டிச் சுற்றுகளின் வேலையும்.

இப்படி, 5 மில்லி மீட்டர் அளவு குட்டையான அலைகளைக்கூட உண்டாக்கினார். 1895ல், கோல்கட்டாவில் மக்கள் முன்னிலையில், கம்பி இல்லாமலே மணியை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தை வெடிக்க வைத்தார். சுவர்கூட அந்த அலையைத் தடுக்கவில்லை. 1897ல், லண்டன் விஞ்ஞானிகள் முன்னும் தன் கருவிகளை இயக்கிக் காட்டினார்.

பின்னாளில், செடிகளின் உணர்ச்சிகளை ஆராய்ந்து புகழ் பெற்றார். 1917ல், கோல்கட்டாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். 1937, நவம்பர் 23ல் மறைந்தார்.

அந்தச் சின்ன அறையில் பிறந்த மில்லி மீட்டர் அலைகள், இன்று கார்களில் உள்ள ரேடாரிலும் வேலை செய்கின்றன!