ஆங்கிலக் கால்வாயை வென்ற ஆரதி சாஹா

ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் ஆசியப் பெண் யார்? பொது அறிவுத் தேர்வுகளில் அடிக்கடி தலைகாட்டும் வினா இது. ஆரதி சாஹா என்று எழுதிவிட்டு, ஒரு மதிப்பெண்ணைப் பெற்றுக்கொண்டு, அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறோம். அந்த ஒரு மதிப்பெண்ணுக்குப் பின்னால் இருக்கும் வாழ்க்கையை அறிய விரும்பிச் சில நூல்களைப் புரட்டியபோது ஒன்று என்னை வியப்பில் ஆழ்த்தியது. அவர் கடலை வென்றது ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளுக்காகக் குளத்திலும் ஆற்றிலும் கழித்ததோ ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள். கால்வாயைக் கடந்தபோது அவருக்கு வயது பத்தொன்பது. நம் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவியின் வயது!

ஆரதி 1940-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள் கல்கத்தாவில் ஒரு நடுத்தரக் குடும்பத்தில் பிறந்தார். இரண்டரை வயதிலேயே தாயை இழந்து, பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தார். நான்கு வயதுச் சிறுமியாக மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஹூக்ளி ஆற்றின் சம்பாதலா படித்துறைக்குக் குளிக்கச் செல்வார். அங்கேதான் நீந்தக் கற்றுக்கொண்டார். மகளுக்குத் தண்ணீர் மீதிருந்த நாட்டத்தைக் கண்ட தந்தை அவரை ஹாட்கோலா நீச்சல் கழகத்தில் சேர்த்துவிட்டார். தந்தை அன்று செய்த இந்தச் சிறு காரியத்தை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். நம் ஊர்களிலும் ஆற்றிலும் கிணற்றிலும் மீனைப் போல நீந்தும் சிறுவர் சிறுமியர் எத்தனையோ பேர். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு இறங்கி, ஒரே கோடையில் கரையேறிவிடுவார்கள். அத்தோடு அவர்களின் நீச்சல் முடிந்துபோகும். அடுத்த படி எது என்று காட்ட ஒரு கழகமும் இல்லை, கற்றுத்தர ஆளும் இல்லை.

கல்கத்தா அந்த வகையில் கொடுத்து வைத்த நகரம். ஹேதுவா, கல்லூரிச் சதுக்கம் என்று ஊரின் நடுவிலேயே பெரிய குளங்கள் உண்டு. அவற்றின் கரைகளில் நீச்சல் கழகங்கள் நடந்து வந்தன. ஆரதிக்கு வாய்த்த ஆசானும் சாதாரணமானவர் அல்லர். 1951-இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் நூறு மீட்டர் நீச்சலில் தங்கம் வென்ற சச்சின் நாக் அவரே. அத்தகைய ஒருவரின் கண் முன்னால் ஆரதி நாள்தோறும் கரைக்குக் கரை நீந்தினார். ஐந்து வயதில், 1946-இல், 110 கெஜப் போட்டி ஒன்றில் முதல் பரிசு பெற்றார். 1951-க்குள் மாநில அளவில் இருபதுக்கும் மேற்பட்ட வெற்றிகள். அதே ஆண்டில் நூறு மீட்டர் மார்பு நீச்சலை 1 நிமிடம் 37.6 விநாடியில் முடித்து, டாலி நசீர் ஏற்படுத்தியிருந்த அகில இந்தியச் சாதனையை முறியடித்தார். அப்போது அவருக்குப் பதினோரு வயதுகூட நிரம்பியிருக்காது, அல்லது அப்போதுதான் நிரம்பியிருக்கும்.

மார்பு நீச்சல் என்பது தவளை நீந்துவதைப் போன்ற முறை. பார்ப்பதற்கு எளிது, நீச்சல் வகைகளிலேயே நுட்பம் மிகுதியாக வேண்டுவது இதுதான் என்று பயிற்சியாளர்கள் சொல்வார்கள். கைகள் இரண்டும் முன்னே நீண்டு, வெளிப்புறமாக விரிந்து, மார்புக்குக் கீழே வந்து கூடவேண்டும். அந்தக் கணத்தில் தலை மேலே எழும். மூச்சை உள்ளே இழுக்கலாம். பிறகு குதிகால்கள் இடுப்பை நோக்கி வந்து, பாதங்கள் வெளிப்புறம் திரும்பி, வட்டமாக வீசித் தண்ணீரைப் பின்னால் தள்ளவேண்டும். அதன்பின் வருவதுதான் முக்கியம். உடல் முழுவதும் அம்பு போல நீண்டு, ஒன்றும் செய்யாமல் ஒரு கணம் வழுக்கிச் செல்லவேண்டும். களைத்தவர்கள் முதலில் விட்டுவிடுவது இந்தக் கணத்தைத்தான். அவசர அவசரமாக அடுத்த வீச்சுக்குப் போவார்கள். வீச்சின் எண்ணிக்கை கூடும், ஒவ்வொரு வீச்சிலும் கடக்கும் தூரம் குறையும், மூச்சு வாங்கும்.

இதை நான் நூலில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. கல்லூரிகளுக்கிடையிலான போட்டிக்காக ஒரு நீச்சல் குளத்தில் ஐந்து மாதம் பழகினேன். 25 மீட்டர் நீளமுள்ள குளம். நாற்பது முறை கரைக்குக் கரை போனால் ஒரு கிலோமீட்டர். ஒவ்வொரு நீளத்துக்கும் எத்தனை வீச்சு என்று எண்ணிக்கொண்டே நீந்துமாறு பயிற்சியாளர் சொல்லியிருந்தார். முதல் வாரத்தில் இருபத்தாறு வீச்சு. மூன்றாம் மாதத்தில் அதே நேரத்தில் பத்தொன்பது. கைகளின் வலிமை பெரிதாகக் கூடிவிடவில்லை. தண்ணீரைக் கலக்காமல் போகக் கற்றிருந்தேன். ஏழு வீச்சு மிச்சம் என்றால் நாற்பது நீளத்தில் இருநூற்றெண்பது வீச்சு மிச்சம். சிக்கனமாகச் செலவழித்தவனிடம் மாதக் கடைசியிலும் காசு இருப்பது போலத்தான் இதுவும். உடலும் இதற்குள் மாறிவிடுகிறது. நாள் தவறாமல் நீந்துபவரின் இதயம் ஒரு துடிப்பிலேயே அதிக இரத்தத்தை வெளியே தள்ளப் பழகுகிறது. தசைகளுக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. நுட்பமும் தாங்கும் ஆற்றலும் ஒன்றையொன்று வளர்க்கின்றன.

1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் போட்டிக்கு இந்தியா அனுப்பிய நான்கு பெண்களில் ஆரதியும் ஒருவர். வயது பதினொன்று. 200 மீட்டர் மார்பு நீச்சலில் அவர் எடுத்துக்கொண்ட நேரம் 3 நிமிடம் 40.8 விநாடி. அடுத்த சுற்றுக்குத் தேர்வாகவில்லை. இந்த எண்ணை அவருடைய நூறு மீட்டர் சாதனையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். இரண்டும் வெவ்வேறு குளங்கள், வெவ்வேறு நாட்கள். ஆகவே முழுக்கச் சரியான ஒப்பீடு எனக் கொள்ளவேண்டியதில்லை. ஆயினும் ஒன்று தெரிகிறது. நூறு மீட்டர் வேகம் அப்படியே நீடித்திருந்தால் இருநூறு மீட்டர் 3 நிமிடம் 15 விநாடி அளவில் முடிந்திருக்கவேண்டும். இருபத்தைந்து விநாடி கூடிவிட்டது. தூரம் இரட்டிப்பானால் வேகம் தாக்குப்பிடிப்பதில்லை. அந்தச் சிறுமிக்கு அன்று தாங்கும் ஆற்றல் இன்னும் வரவில்லை. ஏழு ஆண்டுகளுக்குப் பின் உலகம் அவரிடம் கண்டு வியந்தது அந்த ஆற்றலைத்தான்.

ஹெல்சிங்கியிலிருந்து திரும்பியதும் நூறு மீட்டர் போட்டி ஒன்றில் தம் தங்கை பாரதியிடம் தோற்றார். அதன்பின் மார்பு நீச்சல் ஒன்றிலேயே கருத்தைச் செலுத்தினார் என்பர். கங்கையில் நடக்கும் நெடுந்தூரப் போட்டிகளிலும் கலந்துகொண்டார். 1958-இல் கிழக்கு வங்கத்தைச் சேர்ந்த பிரஜன் தாஸ் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் மிகிர் சென்னும் கடந்தார். ஆரதி பிரஜன் தாஸுக்கு வாழ்த்து அனுப்பினார். அவரோ அடுத்த ஆண்டுப் போட்டிக்கு ஆரதியின் பெயரையே முன்மொழிந்தார். ஹாட்கோலா கழகத்தின் நிர்வாகிகளில் ஒருவரான டாக்டர் அருண் குப்தா ஏற்பாடுகளை முன்னின்று செய்தார். பயணத்துக்கும் தங்குவதற்கும் பணம் வேண்டுமே! பலர் உதவினர். முதலமைச்சர் பிதான் சந்திர ராய் மாநில அரசின் சார்பில் 11,000 ரூபாய் வழங்கச் செய்தார். பிரதமர் நேருவும் ஆர்வம் காட்டினார். ஊரார் பணத்தில் போகிறவருக்குத் தோற்றுத் திரும்பும் உரிமைகூடக் குறைந்துவிடுகிறது என்று இந்த இடத்தில் எனக்குத் தோன்றியது.

இனி வருவதுதான் இந்த வரலாற்றில் என் மனத்தை மிகவும் கவர்ந்த பகுதி. 1959 ஏப்ரல் 13. வடக்குக் கல்கத்தாவின் தேசபந்து பூங்காக் குளத்தில் ஆரதி இறங்கினார். கரையில் ஆயிரக்கணக்கானோர். எட்டு மணி நேரம் நிற்காமல் நீந்தினார். அதோடு விட்டாரா? பின்னொரு நாள் பதினாறு மணி நேரம் தொடர்ந்து நீந்தினார். முடிவில் கடைசி எழுபது மீட்டரை விரைவு நீச்சலில் கடந்தபோதும் அவரிடம் களைப்பின் அறிகுறி அதிகம் இல்லையாம். கடலில் நீந்துபவருக்கு எதிரே ஒரு கரை இருக்கிறது. அது சிறிது சிறிதாக நெருங்கி வரும். குளத்தில் என்ன இருக்கிறது? அதே படிக்கட்டு, அதே மரம், அதே முகங்கள். பதினாறு மணி நேரம் நீந்தியும் போய்ச்சேரும் ஊர் எதுவும் இல்லை. உடலுக்கு வைத்த தேர்வு அது என்றால், மனத்துக்கு வைத்த தேர்வு அதைவிடக் கடினமானது என்பேன்.

ஜூலை 24-இல் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். குளம் கற்றுத்தர முடியாத பாடம் ஒன்று மீதி இருந்தது, அது குளிர். காற்றைவிடப் பன்மடங்கு விரைவாகத் தண்ணீர் உடலின் வெப்பத்தை உறிஞ்சிவிடும். கோடையின் முடிவிலும் கால்வாயின் நீர் 16, 17 டிகிரி அளவிலேயே இருக்கும். வங்காளத்து வெயிலில் வளர்ந்த உடல் அதைப் பழகவேண்டும். ஆகஸ்டு 13 முதல் கால்வாய் நீரிலேயே பயிற்சி தொடங்கினார். அங்கே நீந்துபவர் படகையோ, படகில் இருப்பவரையோ தொடக்கூடாது என்பது விதி. உணவும் மிதந்துகொண்டேதான்.

போட்டி நாள் ஆகஸ்டு 27. இருபத்துமூன்று நாடுகளைச் சேர்ந்த 58 பேர். அவர்களில் பெண்கள் ஐவர். பிரான்சின் கிரி நே முனையில் நள்ளிரவு ஒரு மணிக்குப் போட்டி தொடங்கியது. ஆரதிக்கு வழிகாட்ட வேண்டிய படகு நேரத்துக்கு வந்து சேரவில்லை. நாற்பது நிமிடம் தாமதமாகவே அவரால் இறங்க முடிந்தது. காலை பதினொரு மணிக்கு இங்கிலாந்தின் கரை ஐந்து மைல் தொலைவில் இருந்தது. அப்போது நீரோட்டம் எதிராகத் திரும்பியது. அடுத்த ஐந்து மணி நேரத்தில் அவரால் முன்னேற முடிந்தது ஏறத்தாழ இரண்டே மைல். ஆரதி தொடரவே விரும்பினார். படகோட்டியின் வற்புறுத்தலால் மாலை நான்கு மணிக்கு முயற்சியைக் கைவிட நேர்ந்தது.

அந்த நாற்பது நிமிடத்தைப் பற்றிச் சற்றுச் சிந்தித்தேன். கால்வாயின் மிகக் குறுகிய அகலம் 21 மைல்தான். ஆனால் ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை கடலோட்டம் திசை மாறும். நீந்துபவரை ஒரு முறை வடகிழக்கே இழுக்கும். மறுமுறை தென்மேற்கே தள்ளும். எனவே நேர்க்கோட்டில் எவரும் நீந்துவதில்லை. எப்போது இறங்குகிறோம், ஓட்டம் திரும்பும்போது எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதே பாதி வெற்றி. நாற்பது நிமிடத்தில் ஐந்து மைலை எவராலும் நீந்திவிட முடியாது. ஆனால் ஓட்டம் திரும்பிய வேளையில் அவர் கரைக்கு இன்னும் அருகில் இருந்திருப்பார். தவறு அவருடைய கைகளிலும் இல்லை, கால்களிலும் இல்லை.

அத்துடன் ஊர் திரும்பியிருக்கலாம். பங்குகொண்டதே பெருமை என்று மாலை போட்டு வரவேற்றிருப்பார்கள். ஆரதி திரும்பவில்லை. அந்நிய மண்ணில் மேலும் ஒரு மாதம் தங்கி, மறுபடியும் நாள்தோறும் நீரில் இறங்கினார். காலமோ கடந்துகொண்டிருந்தது, செப்டம்பர் முடிந்தால் கால்வாய் நீச்சலின் பருவமும் முடியும். செப்டம்பர் 24-இல் பத்தொன்பது வயது நிறைந்தது. ஐந்தாம் நாள், செப்டம்பர் 29, அதே கிரி நே முனையில் மீண்டும் இறங்கினார். இம்முறை போட்டியாளர் எவரும் உடன் இல்லை. கடுமையான அலைகளினூடே, ஓட்டங்களால் அலைக்கழிக்கப்பட்டு, 42 மைல் தூரம் நீந்தியதாகப் பதிவாகியுள்ளது. இங்கிலாந்தின் சாண்ட்கேட் கடற்கரையில் கால் ஊன்றி, நம் தேசியக் கொடியை ஏற்றினார். எடுத்துக்கொண்ட நேரம் 16 மணி 20 நிமிடம்.

பதினாறு மணி! தேசபந்து பூங்காக் குளத்தில் அவர் நீந்திய அதே பதினாறு மணி. அதற்குமேல் வெறும் இருபது நிமிடமே கடல் அவரிடம் கூடுதலாகக் கேட்டது. இதைக் கண்டபோது அந்தக் குளத்தின் கரையில் நின்று அன்று நேரத்தைக் குறித்துக்கொண்டவர்களை நினைத்துக்கொண்டேன்.

அப்போது லண்டனில் இந்தியத் தூதராக இருந்த விஜயலட்சுமி பண்டிட் முதலில் வாழ்த்தினார். 1960-இல் பத்மஸ்ரீ விருது வந்தது. விளையாட்டுத் துறையில் அவ்விருதைப் பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே. தமக்காக ஓடியாடி உழைத்த டாக்டர் அருண் குப்தாவையே மணந்துகொண்டார். ஒரு மகள் பிறந்தாள். இரயில்வேயில் பணி கிடைத்தது. அதன்பின் பெரிய ஆரவாரம் எதுவுமில்லாத, அமைதியான குடும்ப வாழ்க்கை.

1994 ஆகஸ்டு 23-இல், ஐம்பத்துநான்கு வயது நிறையும் முன்பே, மஞ்சள் காமாலையும் மூளைக் காய்ச்சலும் தாக்கிக் கல்கத்தாவில் காலமானார். அதே 1994-இல்தான் நம் தமிழகத்துப் பள்ளி மாணவர் குற்றாலீசுவரன் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1999-இல், ஆரதியின் உருவம் பொறித்த அஞ்சல் தலையை இந்திய அஞ்சல் துறை வெளியிட்டது. விலை மூன்று ரூபாய்.