எண்ணிக் கற்ற மேதை

கல்லூரியில் கணிதம் பயிலும் மாணவர் பலருக்கு அச்சமூட்டும் பாடங்களுள் ஒன்று 'குலம்'. இங்கே குலம் என்பது பிறப்பைக் குறிப்பதன்று. சில உறுப்புகளும் அவற்றை இணைக்கும் ஒரு செயலும் சேர்ந்த அமைப்பைக் குறிப்பது. அடைவு, சேர்ப்பு, சமனி, எதிர்மறை என்னும் நான்கு விதிகளை மனனம் செய்து, தேர்வில் எழுதி, பின்னர் மறந்துவிடுவோரே மிகுதி. ஆனால், அந்தக் கோட்பாட்டின் உள்ளே பொதிந்திருக்கும் ஓர் எண் வரிசையின் இயல்பை உலகுக்கு உணர்த்தியவர், சென்னை திருவல்லிக்கேணியில் அனுமந்தராயன் கோயில் தெருவில் வாழ்ந்தவர். அவர் கணித மேதை சீனிவாச ராமானுஜன்.

1887 டிசம்பர் 22-இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜனைத் தேர்வுகள் கைவிட்டன. 1904-இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதம் தவிர்த்த பாடங்களில் மனம் செல்லாததால் அத்தொகையை இழந்தார். பின்னர் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் இடைநிலைத் தேர்வில் வெற்றி கிட்டவில்லை. பட்டமின்றி, வேலையின்றி, தாம் கண்ட சூத்திரங்கள் நிறைந்த குறிப்பேடுகளைச் சுமந்துகொண்டு ஆதரவு தேடி அலைந்தார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது.

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் புகழ்பெற்றது. அதே ஆண்டு சென்னையில் நிகழ்ந்த மற்றொன்று அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு உதவித்தொகை பெற முதுநிலைப் பட்டம் வேண்டும் என்பது விதி. ராமானுஜனிடம் இளநிலைப் பட்டமும் இல்லை. ஆயினும், ஆய்வை வளர்ப்பதே பல்கலைக்கழகத்தின் நோக்கம் என்று அறிஞர் சிலர் வாதாடினர், விதி தளர்ந்தது. 1913 மே முதல் மாதம் 75 ரூபாய் வழங்கப்பட்டது. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஆய்வறிக்கை தர வேண்டும் என்பதே நிபந்தனை. திருவல்லிக்கேணி வீட்டில் தாயுடனும் மனைவி ஜானகியுடனும் வாழ்ந்த அந்நாள்களில், வாழ்வில் முதன்முறையாக அவர் முழுநேரக் கணித ஆய்வாளரானார். 1914 மார்ச் 17-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

அங்கே அவர் ஆராய்ந்தவற்றுள் ஒன்று, ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டல் பகுதிகளாகப் பிரிக்கலாம் என்பது. 4-ஐ எடுத்துக்கொள்வோம். 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து விதங்கள். குழந்தைக்கும் புரியும் இக்கணக்குக்கும் குலத்துக்கும் என்ன தொடர்பு?

திண்ணையில் நால்வர் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் இடம் மாறி அமர 24 வழிகள் உண்டு. ஒரு மாற்றத்தை அடுத்து மற்றொன்றைச் செய்தால் கிடைப்பதும் இடமாற்றமே, இது அடைவு. மூன்று மாற்றங்களை வரிசை பிறழாமல் செய்யும்போது, எந்த இரண்டை முதலில் சேர்த்துக் கணக்கிட்டாலும் விளைவு ஒன்றே, இது சேர்ப்பு. எவரும் அசையாதிருப்பது சமனி. செய்த மாற்றத்தைத் திருப்பிப் பழைய இடத்துக்கே வருவது எதிர்மறை. நான்கு விதிகளும் நிறைவேறுவதால் இந்த 24 மாற்றங்களும் ஒரு குலம்.

இம்மாற்றங்களை வகைப்படுத்துவோம். எவரும் அசையாமை, இருவர் மட்டும் இடம் மாறுதல், இரண்டு இணைகளும் தமக்குள் மாறுதல், மூவர் சுழல ஒருவர் நிற்றல், நால்வரும் சுழலுதல் என வகைகள் ஐந்தே. 4-ஐப் பிரிக்கும் அதே ஐந்து! எத்தனை பேர் அமர்ந்தாலும் இப்பொருத்தம் மாறாது. ராமானுஜன் பள்ளிச் சிறுவராக இருந்த காலத்திலேயே ஐரோப்பிய அறிஞர்கள் இத்தொடர்பின் ஆழங்களைக் கண்டிருந்தனர். ராமானுஜன் அந்த வழியில் செல்லவில்லை, எண்களையே உற்றுநோக்கினார்.

எண் பெரிதாகப் பெரிதாகப் பிரிவுகள் கட்டுக்கடங்காமல் பெருகும். 200-ஐப் பிரிக்கும் விதங்கள் ஏறத்தாழ 4 லட்சம் கோடி. இத்தகைய எண்ணிக்கையை மிகத் துல்லியமாக மதிப்பிடும் சூத்திரத்தை ஹார்டியுடன் இணைந்து 1918-இல் வெளியிட்டார். 4, 9, 14 என 4-இலோ 9-இலோ முடியும் எண்களின் பிரிவு எண்ணிக்கை எப்போதும் 5-ஆல் மீதியின்றி வகுபடும் என்பதையும் நிறுவினார். 4-க்கு 5, 9-க்கு 30, 14-க்கு 135. பட்டியலை எத்தனையோ பேர் பார்த்திருக்கலாம். அதில் ஒளிந்திருந்த ஒழுங்கு அவர் கண்ணுக்கே புலப்பட்டது.

1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினரான அவர், நோயுற்று 1919-இல் தாயகம் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-இல் சேத்துப்பட்டில் காலமானபோது அவருக்கு வயது 32. தையல் தொழிலையும் சிறு ஓய்வூதியத்தையும் கொண்டு வாழ்ந்த ஜானகி அம்மாள், பின்னாளில் திருவல்லிக்கேணிக்கே திரும்பி, 1994-இல் மறையும்வரை நெடுங்காலம் அங்கே வசித்தார்.

டிசம்பர் 22-ஐத் தேசிய கணித நாளாகக் கொண்டாடுகிறோம். மாலை அணிவிப்பதோடு நம் கடன் தீர்ந்துவிடாது. நான்கு விதிகளைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன், நான்கு மாணவர்களை எழுப்பி இடம் மாறி அமரச் செய்து, வகைகளை எண்ணச் சொல்லலாம். எண்ணிப் பார்த்தவனுக்கு விதி தானே விளங்கும். அப்படி எண்ணத் தெரிந்த ஒருவன் மதிப்பெண் பட்டியலில் பின்தங்கி நின்றால், 1913-இல் நிகழ்ந்ததுபோல விதியைச் சற்றே தளர்த்தி அவனுக்கு இடமளிக்கும் துணிவு நம் கல்வி நிறுவனங்களுக்கு வேண்டும்.